‘கண்ணகி’ என்று மகளுக்குப் பெயர் வைக்கலாமா?

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் ஓர் இளம் தாய். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு ஒன்பது மாதப் பெண் குழந்தை. தலைப்பிரசவம் என்பதால் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். குழந்தை அங்கே பிறந்தது, பிறப்புப் பதிவும் உரிய நாட்களுக்குள் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் சான்றிதழில் பெயர் இன்னும் இல்லை. பெண் பிறந்தால் ‘கண்ணகி’ என்று திருமணமான புதிதிலேயே கணவர் சொல்லிவிட்டார். தமிழ் இலக்கியம் படித்தவர் அவர். மனைவிக்கும் பெயர் பிடித்துப் போனது.

தொட்டில் போட்ட அன்று மாமியார் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார். “தாலியறுத்தவள் பேரை என் பேத்திக்கு வைக்க விடமாட்டேன். அவ போன ஊரே சாம்பலாச்சு” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் காதில் ‘மங்களா’ என்று மூன்று முறை சொன்னாராம். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கருத்து. பள்ளியில் கேலி செய்வார்கள் என்கிறார் நாத்தனார். “கற்புக்கரசி பேரை இந்தக் காலத்துல யாராவது வைப்பாங்களா?” என்று கேட்கிறார் கல்லூரித் தோழி. “இது கட்சிக்காரங்க வீட்டுல வைக்கிற பேராச்சே” என்றிருக்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நட்சத்திரப்படி வேறு எழுத்து வர வேண்டும் என்று கணவரின் தாய்மாமா ஒரு பக்கம். ஆரம்பித்து வைத்த கணவரே இப்போது “எதையாவது வச்சுட்டு நிம்மதியா இருப்போமே” என்கிறார். குழந்தை இன்னும் ‘பாப்பா’வாகவே இருக்கிறாள்.

வாசகியின் கேள்விகள்: ஒரு வருடம் தாண்டினால் பெயர் சேர்க்கவே முடியாதா? அப்பா கையெழுத்து போட்டால்தான் செல்லுமா? “ஆபீஸில் எனக்கு ஆள் தெரியும், நானே எழுதி வாங்கிட்டு வந்துடுவேன்” என்று மாமியார் சொல்வது நடக்குமா? இப்போதைக்கு மங்களா என்று எழுதிவிட்டு, பின்னால் கெஜட்டில் மாற்றிக்கொள்ளலாமா? கடைசியாக ஒன்று: “இந்தப் பெயர் உண்மையிலேயே ராசியில்லாததா? நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனா?”

சகோதரி, சட்டக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அவை நீங்கள் நினைப்பதைவிட எளிதானவை. உங்களை உண்மையில் அலைக்கழிக்கும் கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் தேவை.

அவகாசம் இருக்கிறது, ஆனால் காத்திருக்க வேண்டாம்

ஒரு வருடம் தாண்டினால் பெயர் சேர்க்க முடியாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 14-வது பிரிவு, பெயர் இல்லாமல் பதிவான குழந்தைக்குப் பின்னால் பெயர் சேர்க்க வழி செய்கிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பிறந்த நாளிலிருந்து அல்ல, பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு என்பதையும் கவனியுங்கள். கட்டணமில்லாத காலமே உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது.

இன்னொரு சிறு திருத்தம். இப்போது வசிக்கும் ஊரின் நகராட்சிக்குப் போய்க் கேட்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே கையை விரித்துவிடுவார்கள். குழந்தை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பெயர் சேர்க்க முடியும். அதாவது உங்கள் தாய் வீட்டு ஊர். மாமியார் ‘ஆள் தெரியும்’ என்று சொல்லும் அலுவலகத்துக்கும் உங்கள் மகளின் பதிவேட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அதற்காகப் பதினைந்து வருடம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் தேதியிலோ அதன் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் எடை கூடியிருக்கிறது. பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் என்று பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அதுவே ஆதாரம். அதில் பெயருக்கான இடம் காலியாக இருந்தால் அடுத்தடுத்த வேலைகள் எல்லாம் தேங்கும். அதற்குள் தடுப்பூசி அட்டையில் ஒருவர் ஒரு பெயரையும், காப்பீட்டுப் படிவத்தில் இன்னொருவர் வேறு பெயரையும் எழுதிவைப்பார்கள். பிறகு இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

கையெழுத்து யாருடையது?

பெயர் விவரத்தைக் கொடுக்க வேண்டியவர் என்று 14-வது பிரிவு சொல்வது ‘பெற்றோர் அல்லது காப்பாளர்’. அப்பா மட்டும் என்று அதில் இல்லை. இந்துக் குழந்தைகளின் காப்பாளர் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்று இருப்பதைப் பார்த்துப் பலரும் தாய்க்கு உரிமையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. ‘அவருக்குப் பின்’ என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளில்லை, அவர் பொறுப்பெடுக்காத நிலையிலும் தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்றது.

நடைமுறை வேறு மாதிரி இருக்கலாம். தாய், தந்தை இருவரின் ஒப்புதலையும் அடையாளச் சான்றையும் அலுவலகத்தில் கேட்பார்கள். பின்னாளில் ஒருவர் வந்து ‘எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டார்கள்’ என்று சண்டை போடக் கூடாது என்ற எச்சரிக்கைதான் காரணம். நியாயமான எச்சரிக்கை. அதனால் உங்களுக்குச் சட்டப்படி எவ்வளவு உரிமை இருந்தாலும், கணவருக்குத் தெரியாமல் போய்ப் பெயரை எழுதிவிட்டு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெற்றோர் ஒத்துப்போகவே இல்லையென்றால் எதுவரை போகும் என்பதற்கு 2023-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். பிரிந்து வாழ்ந்த பெற்றோர், ஆளுக்கொரு பெயரில் உறுதியாக நின்றார்கள். சான்றிதழில் பெயர் இல்லாததால் பள்ளியில் சிக்கல். கடைசியில் நீதிமன்றமே குழந்தையின் காப்பாளர் இடத்தில் நின்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தது. அம்மா விரும்பிய பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். குழந்தையின் நலன், பண்பாட்டுச் சூழல், பெற்றோரின் விருப்பம், சமூக வழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததாகத் தீர்ப்பில் சொன்னார்கள். பாட்டி, மாமா, அத்தையின் சம்மதம் என்று எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வீட்டு விஷயம் இவ்வளவு தூரம் போகப் போவதில்லை. நீங்களும் கணவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் இல்லையே.

மாமியாரின் மிரட்டலுக்கு வருகிறேன். பெற்றோர் இருக்கும்போது பாட்டி காப்பாளர் ஆக மாட்டார். அவராக ஒரு பெயரை எழுதி வாங்கினாலும், முறைகேடாக ஏறிய பதிவைத் திருத்தவோ ரத்து செய்யவோ 15-வது பிரிவில் இடம் இருக்கிறது. இது உங்கள் மன நிம்மதிக்காகச் சொன்னது. இதைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் “சட்டப்படி உங்களுக்கு உரிமை இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்குச் சட்டப் பிரிவைக் காட்டிப் பதில் சொல்லும் மருமகளை எந்த மாமியாரும் மறக்க மாட்டார்.

‘இப்போதைக்கு மங்களா, அப்புறம் மாற்றிக்கலாம்’

நீங்கள் எழுதியதிலேயே எனக்கு அதிகக் கவலை தந்த யோசனை இதுதான். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அதைத் தொடுவது கடினம். திருத்தம் என்பது பிழைக்கு உரியது. எழுத்து தவறிவிட்டது, விவரம் மாறிவிட்டது என்றால் பதிவாளர் திருத்துவார். மனம் மாறிவிட்டது என்பது பிழை ஆகாது. தமிழக அரசிதழில், அதாவது நீங்கள் சொல்லும் கெஜட்டில், பெயர் மாற்றத்தை வெளியிடலாம். குழந்தைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயரே தொடர்ந்தால், உங்கள் மகள் வாழ்நாள் முழுக்க இரண்டு தாள்களைச் சேர்த்தே நீட்ட வேண்டியிருக்கும்.

அதே சமயம், பெயர் என்பது ஆயுள் தண்டனையும் அல்ல. 2021-இல் ஜிக்யா யாதவ் வழக்கில், ஒருவரின் பெயர் அவருடைய அடையாளத்தின் பகுதி, அரசமைப்புச் சட்டம் தரும் பேச்சுரிமையோடும் வாழ்வுரிமையோடும் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மகள் 18 வயதில் தனக்குக் கண்ணகியும் வேண்டாம், மங்களாவும் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவளே மாற்றிக்கொள்ளலாம். அது அவள் முடிவு. ஒரு குடும்பச் சண்டையைத் தள்ளிப்போட நீங்கள் இன்று தற்காலிகமாக ஒரு பெயரை எழுதிவைப்பது அப்படிப்பட்டதல்ல.

இரண்டையும் சேர்த்து ‘கண்ணகி மங்களா’ என்று வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், தடையில்லை. என் விருப்பம் ஒற்றைப் பெயர். இரட்டைப் பெயரில் ஒரு பாதியைப் பள்ளி விட்டுவிடும், இன்னொரு பாதியை வங்கி விட்டுவிடும். வைப்பதானால் எல்லா ஆவணங்களிலும் இடைவெளி உட்பட ஒரே மாதிரி எழுத வேண்டும்.

ராசியில்லாத பெயரா?

இது சட்டம் அல்ல, ஒரு வாசகனாகப் பேசுகிறேன்.

மாமியார் சொல்வதில் தகவல் பிழை இல்லை. கண்ணகி கணவனை இழந்தவள்தான், மதுரை எரிந்ததுதான். ஆனால் கதையில் துயரப்பட்டவள் பெயரை வைக்கக் கூடாது என்று நாம் எப்போது இருந்தோம்? சீதா, தமயந்தி, சந்திரமதி எல்லாம் என்ன சுகப்பட்டார்கள்? சீதா என்று பெயர் வைத்த குடும்பங்கள் ‘காட்டுக்குப் போவாளே’ என்று பயந்ததில்லை. அதே சிலப்பதிகாரத்தில் வரும் மாதவியின் பெயர் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆக, கதையில் என்ன நடந்தது என்பதைவிட, பெயரைக் கேட்பவர் தன் நினைவில் எதைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்பதுதான் விஷயம். அது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும்.

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் போனால் கண்ணகி அம்மன் ஊர்க்காவல் தெய்வம். வைகாசியில் சடங்கு எடுத்து, திருக்குளிர்த்தி பாடி, அம்மனின் கோபத்தைத் தணித்து மழையும் நோயற்ற வாழ்வும் கேட்கிறார்கள். சிங்கள பௌத்தர்கள் அதே தெய்வத்தைப் பத்தினி என்று கும்பிடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் பெண்கள் லட்சக்கணக்கில் கூடிப் பொங்கல் வைக்கும் ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியாகக் கருதும் மரபு உண்டு. இவர்களிடம் போய் இது அபசகுனமான பெயர் என்றால் திகைத்துப் போவார்கள்.

‘கட்சிக்காரர்கள் பெயர்’ என்ற பேச்சும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கண்ணகி சிலை வைத்தார்கள். 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டது, ஆட்சி மாறி 2006 ஜூனில் திரும்ப வைக்கப்பட்டது. இத்தனை அரசியலுக்கு நடுவில் நின்ற பெயரில் அந்த நிறம் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ஆனால் உங்கள் மகள் பள்ளிக்குப் போகும் காலத்தில், கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கவே போவதில்லை.

உங்கள் தோழியின் கேள்வி இவற்றைவிடக் கனமானது, அதை ஒதுக்க மாட்டேன். கண்ணகியைக் கற்பின் அளவுகோலாக்கிப் பெண்களை மட்டம் தட்டிய பேச்சுகள் தமிழ் மேடைகளில் ஏராளம். விட்டுப்போன கணவனை ஒரு சொல்லும் கேட்காமல் ஏற்றுக்கொண்டாள் என்பதையே பெருமையாகச் சொல்லிச் சொல்லி, பெயரே அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. அந்தக் கோணத்தில் தோழிக்குப் பிடிக்காமல் போவதில் தப்பில்லை.

ஆனால் வழக்கறிஞர்களுக்குக் கண்ணகி என்றதும் நினைவு வருவது வழக்குரை காதை. விசாரணையே இல்லாமல் ஒருவனைக் கொன்றுவிட்டார்கள். யாரையும் தெரியாத ஊரில், துணைக்கு ஒருவரும் இல்லாமல், மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்போடு ஒரு பெண் அரசவைக்குள் போகிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொல்கிறான். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று சொல்லி, அதை உடைத்துக் காட்டுகிறாள். சாட்சி, சான்று, தீர்ப்பு எல்லாம் அந்த ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. தீர்ப்பு தவறு என்று அரசனையே ஒத்துக்கொள்ள வைத்தவள். ஊரை எரித்தது எனக்கும் உவப்பானதல்ல, மேல்முறையீட்டில் நிற்காது! ஆனாலும் ஒரு பெண் குழந்தைக்கு வைக்க இதைவிட மோசமான பெயர்கள் நிறைய உண்டு.

கேலியைப் பற்றிச் சுருக்கமாக: பிள்ளைகள் எந்தப் பெயரையும் கேலி செய்வார்கள். நட்சத்திர எழுத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக: ஜாதகத்தில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்பது நம் குடும்பங்களில் புதிதே இல்லை. தாய்மாமா ஜாதகத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

அத்தை எதை மறுக்கிறார்?

உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. மாமியார் 34 வயதில் கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர். அதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பத்திய உணவுச் சண்டைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

‘தாலியறுத்தவள் பேரு’ என்று அவர் சொன்னபோது சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை என்றே நினைக்கிறேன். அந்தச் சொல்லை அவர் காதுபட எத்தனை பேர், எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருப்பார்கள்! மங்கல காரியங்களில் ஒதுங்கி நில் என்று சொல்லப்பட்ட ஒருவர் தன் பேத்திக்கு மங்களா என்று பெயர் தேடியிருக்கிறார். இதை மூடநம்பிக்கை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் இந்த மூன்று, நான்கு மாதச் சண்டையின் மையத்தில் இருக்கும் தவறு. மூடநம்பிக்கையை வாதம் செய்து வெல்லலாம். வலியோடு வாதம் செய்தால் அது இன்னும் இறுகும்.

அதற்காக அவர் சொன்ன பெயரையே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெயரை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள் இருவர். ஆனால் முடிவு செய்வதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். உங்கள் கணவர் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, அது அவருடைய அம்மாவின் கதை, அவர் அப்பாவை இழந்த கதையும்கூட. பெயரைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த வருடங்களைப் பற்றிக் கேட்கட்டும். கணவரின் பின்வாங்கலுக்கும் காரணம் சோம்பலாக இருக்காது என்று தோன்றுகிறது. அம்மா அந்தச் சொல்லை உச்சரித்ததும் அவருக்கு எது நினைவுக்கு வந்ததோ.

ஒரு தகவல். தேனி, இடுக்கி எல்லையில் மலைமேல் இருக்கும் கண்ணகி கோயிலுக்கு மங்கலதேவி கோயில் என்றே பெயர். சித்திரா பௌர்ணமி அன்று மட்டும்தான் மக்களை விடுவார்கள், இரண்டு மாநிலத்திலிருந்தும் கூட்டம் ஏறும். கண்ணகி என்று பதிவேட்டில் எழுதி, அத்தை வாய் நிறைய மங்களா என்று கூப்பிட்டால் இரண்டும் ஒரே தெய்வத்தின் பெயர்தான். இதை வெற்றி வாதமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பேச்சு கனிந்த பிறகு கணவர் சொன்னால் போதும். அப்போதும் அவர் முகம் மாறினால், விட்டுவிடுங்கள்.

நீங்கள் பிடிவாதக்காரியா என்றால், இல்லை. ஆனால் ‘நாங்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த பெயர்’ என்பது மெல்ல ‘நான் தோற்கக் கூடாத பெயர்’ ஆகிவிட்டதா என்பதை மட்டும் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். அப்படி ஆகியிருந்தால், கண்ணகியும் மங்களாவும் அல்லாத மூன்றாவது பெயரைத் தேடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. இல்லை, பெயர் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது, கணவரும் மனதார ஒத்துக்கொள்கிறார் என்றால் யாருக்காகவும் மாற்ற வேண்டாம்.

அலுவலகத்துக்குப் போகும்போது

முடிவு எதுவானாலும் அடுத்த மூன்று மாதங்களுக்குள், அம்மா வீட்டுக்குப் போகும்போது இருவரும் சேர்ந்து போய் வேலையை முடித்துவிடுங்கள். பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, கையெழுத்திட்ட விண்ணப்பம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். வேறு என்ன வேண்டும் என்பதை முந்தின நாளே ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டால் இரண்டாவது முறை அலைய வேண்டாம்.

சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். கண்ணகி என்றால் ஆங்கிலத்தில் கடைசி எழுத்துக்கு ‘ஜி’ போடுவதா ‘கே’ போடுவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கவுன்டரில் கேட்கும்போது யோசித்தால் தட்டச்சு செய்பவர் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடுவார். முன்னெழுத்து எப்படி வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். இறுதியாக ஏற்றுவதற்கு முன் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லி, இரண்டு மொழியிலும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அதன் பிறகு ஆதார், தடுப்பூசி அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அந்தச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும்.